பன்னிரண்டு துளைகளில் ஒன்று காலி

கடையில் இப்போது நம்மவர்கள் மூன்று பேர் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் சேர்ந்த காலத்தில், லண்டனில் துப்பாக்கிக் கடையொன்றில் வேலை என்று சொன்னால் சனம் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கும். பெரியம்மாவின் மகன் ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டான்: "துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனீ, இஞ்சை வந்து அதையே விக்கிறியோ?"

"துவக்கு விக்கேல்லையடா, பை விக்கிறன்" என்றேன்.

உண்மையும் அதுதான். துவக்குகள் முதலாளியின் பக்கம். நான் தோல் தைக்கத் தெரியும் என்று சொல்லிப் பின்னறையில் சேர்ந்தவள். அறுந்த வார், பிரிந்த தையல், இற்றுப்போன பக்கிள் எல்லாம் என்னிடம் வரும். இரண்டு வருடத்தில் முன்னால் வந்து கவுண்டரில் நின்றேன். தோட்டா கொண்டுபோகிற பையும் பெல்ட்டும் என் பொறுப்பு. ஓய்வு பெறும்வரை அந்தக் கவுண்டரை விட்டு நான் அசையவில்லை.

பை விற்பது லேசான வேலை என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தட்டுச் சுடும் போட்டிக்குப் போகிறவர் காலையிலிருந்து நூறு தட்டுக்குச் சுட வேண்டும். கோப்பைக்கு வைக்கிற தட்டு அளவில் ஒரு மண்தட்டை யந்திரம் வானத்தில் எறியும். கண் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது கை தன் பாட்டில் அடுத்த இரண்டு தோட்டாக்களை எடுத்திருக்க வேண்டும். கை தடுமாறினால் மனம் தடுமாறும், மனம் தடுமாறினால் தட்டு முழுசாகக் கீழே வந்து விழும். இத்தனைக்கும் காரணம், நீங்கள் பத்து நிமிடத்தில் விற்றுத் தள்ளிய பை.

ஒரு பெரிய வயிற்றுக்காரருக்குத் தோட்டாப் பெல்ட் விற்றேன். கடைக் கண்ணாடியில் பார்க்கும்போது நல்ல எடுப்பாகத்தான் இருந்தது. போட்டியில் பார்த்தால், மனுஷனின் வயிறு முன்பக்கத் தோட்டா அத்தனையையும் மறைத்துவிட்டது. பாவம், ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். அடுத்த கிழமை வந்து அதைக் கவுண்டரில் போட்டுவிட்டு, "இது உங்கள் இடுப்புக்கு நல்லாயிருக்கும்" என்றார். இன்னொருவருக்குப் புதுத் தோல்பையைப் போட்டிக்கு முதல்நாள் விற்றேன். புதுத் தோல் விறைப்பு. அதன் வாய் அவருடைய விரல் மூட்டுகளைத் தோலுரித்துவிட்டது. இவையெல்லாம் சின்னப் பிழைகள். ஏச்சு வாங்கி, மாற்றிக் கொடுத்து, சமாளித்துவிடலாம்.

அந்தப் பிழைகளில் இருந்துதான் எனக்கென்று ஒரு முறை வந்தது. ஆளுடைய உடுப்பைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். பிறகு பையை இடுப்பில் கட்டி, டம்மித் தோட்டாக்களால் நிரப்புவேன். டம்மி என்றால், சுட்டு முடிந்த வெற்றுக் கோதுக்குள் மணலும் ஈயமும் அடைத்து நாங்களே செய்து வைத்திருப்பது. வெடிக்காது, ஆனால் பாரம் அசலின் பாரம். நிரப்பியபின் கண்ணை மூடச் சொல்வேன். "பாக்காமல் எடுங்கோ. இரண்டு. திரும்ப இரண்டு." முப்பது தடவை எடுத்தபின்னும் கை தடுக்காமல் போய் வருமென்றால் அதுதான் அவருடைய பை. இந்த முறை பற்றி எனக்கு நல்ல பெருமை. கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிய பெருமை.

இனி டொக்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், கடைக்குள் ஒரு பெண்மணி வந்து முதலாளியிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, என்னைப் பார்த்ததும் "நீங்க தமிழா?" என்றார். மதுரைக்காரர். ஹரோவில் வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் செய்கிற சேர்ஜன். ஆஸ்பத்திரி நண்பர்களுடன் விளையாட்டுக்குப் போய் இரண்டு தட்டு உடைத்தாராம், அதோடு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு லண்டனின் அந்த மூலையிலிருந்து கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் இருந்த எங்கள் கடைக்கு ஒரு தோட்டாப் பெட்டி வாங்கவும் வருவார். வழியில் எத்தனையோ கடை இருந்தது. என்னோடு தமிழ் பேசத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அவர் வருகிற நாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை "அக்கா" என்பார். நான் "டொக்டர்" என்பேன். அப்படிக் கூப்பிடாதீங்க என்று பல தடவை சொல்லிப் பார்த்தார். என் வாய்க்கு வரவில்லை.

அவருக்கு ஒரே ஆசை. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெண்கள் அணியில் ஓர் இடம். இரண்டு வருடம் தேர்வுப் போட்டிக்குப் போய் இரண்டு வருடமும் கொஞ்சத்தில் தவறவிட்டார். மூன்றாம் வருடம், சனிக்கிழமைத் தேர்வுக்கு முதல்நாள் வெள்ளி பின்னேரம் பழைய பையோடு வந்தார். அதன் அடித் தையல் விட்டுப்போயிருந்தது.

"தைச்சுத் தர முடியுமாக்கா?"

"தைக்கலாம் டொக்டர். ஆனா நாளைக்கு நடுவிலை திரும்ப விட்டால் என்ன செய்யிறது? வேறை பாப்பம்."

புதுத் தோல் வேண்டாம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. கடைக் காட்சிக்கென்று வருடக்கணக்காகத் தொங்கி, எல்லோரும் உள்ளே கையை விட்டுப் பார்த்துப் பார்த்து நன்றாக மெத்தென்று ஆகிவிட்ட ஒரு பை பின்னறையில் கிடந்தது. போய் அதை எடுத்து வந்து கட்டினேன். அவருடைய சிவப்புத் தோட்டா பன்னிரண்டாம் நம்பர். அந்த அளவு டம்மிகளை நிரப்பினேன்.

இங்கேதான் பிழை. கவனமாக வாசியுங்கள்.

தோட்டாவில் நம்பர் கூடினால் அளவு குறையும்; பன்னிரண்டாம் நம்பரை விட இருபதாம் நம்பர் சிறியது, மஞ்சள் நிறம். முதலாளிக்கு ஒரு சட்டம் இருந்தது: கவுண்டரில் ஒரு நேரத்தில் ஒரு நம்பர்தான் இருக்கலாம். ஒன்றைக் கட்டையில் திருப்பி அடுக்கிய பிறகே மற்றதை எடுக்க வேண்டும். கட்டை என்பது துளை போட்ட மரத்துண்டு. மஞ்சளுக்குப் பன்னிரண்டு துளை, பன்னிரண்டு டம்மி. அன்றைக்கு டொக்டருக்குச் சற்று முன்னர் ஒருவர் தன் மனைவிக்கு இருபதாம் நம்பர் பெல்ட் பார்த்துவிட்டுப் போயிருந்தார். மஞ்சள்கள் கவுண்டரிலேயே கிடந்தன. நானோ டொக்டரைக் கண்ட சந்தோஷத்தில் அவற்றைக் கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கதையில் இறங்கிவிட்டேன். முருங்கைக்காய் எந்தக் கடையில் முற்றாமல் கிடைக்கும், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் இந்த முறை அன்னதானத்துக்கு என்ன சமைத்தார்கள், அதில் புளி கூடிப்போச்சா இல்லையா. அவர் கண்ணை மூடி, தோட்டா எடுத்து வைத்தபடியே கதைக்கிறார். நான் திரும்ப நிரப்பியபடியே கதைக்கிறேன். கை நன்றாகப் போய் வந்தது. சிவப்பு டம்மிகளைக் கைநிறைய அள்ளி வெளியே எடுத்தேன், பையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன், கடை பூட்டுகிற நேரமாகிவிட்டது. மஞ்சள்களைக் கட்டைக்குள் செருகினேன். எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கடையைத் திறந்து தூசி தட்டும்போது கட்டையைப் பார்த்தேன். பதினொரு மஞ்சள் தலை. ஒரு துளை காலி.

வெடிக்காத டம்மிதானே, அதற்கு ஏன் இந்தப் பதற்றம் என்று உங்களில் ஒருவர் நினைப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மஞ்சள் தோட்டாவைத் தவறிப் பன்னிரண்டாம் நம்பர் துவக்கில் போட்டால், அது வாயில் நிற்காது. உள்ளே வழுக்கிக் குழாயில் போய் இறுகிவிடும். விசையை அழுத்தினால் கிளிக் என்ற சத்தம் மட்டும்தான். சுடுகிறவர் திறந்து பார்ப்பார், வெறும் துளை தெரியும், போட மறந்துவிட்டேன் என்று நினைத்து இன்னொன்றைப் போடுவார். இது அசல். முன்னால் குழாய் அடைத்திருக்கிறது. குழாய் வெடிப்பது இடதுகை பிடித்திருக்கிற இடத்தில்.

சாதாரணமாக ஆட்கள் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். டொக்டர் பார்க்க மாட்டார். பார்க்காமல் எடுங்கோ என்று சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு சேர்ஜனின் இடதுகை.

முதலாளி அப்போதுதான் தேநீர்க் கோப்பையோடு வந்தார். அதிகம் பேசாத மனுஷன், எப்போதும் பழுப்பு நிற நீளக் கோட்டு. சொன்னேன். ஏசவில்லை. கோப்பையை வைத்துவிட்டு முழங்காலில் இறங்கிக் கவுண்டருக்கு அடியில் தேடத் தொடங்கினார். நான் ஹரோவுக்குப் போன் செய்தேன். கணவர் எடுத்தார்.

"அவ ஏழு மணிக்கே கெளம்பிட்டாளேம்மா. ஏன், எதாவது பிரச்சனையா?"

"ஒண்டுமில்லை ஐயா" என்று பொய் சொல்லி வைத்தேன். போட்டித் திடலுக்கு அடித்தேன். அங்கே ஒரு மரக்குடிலில் ஒரேயொரு போன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. எல்லோரும் வெளியே நின்றிருப்பார்கள்.

"பைக்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றேன் முதலாளியிடம். அப்படிச் சொல்லும்போது, இல்லாமலும் இருக்கலாம் என்ற பக்கத்தில் மனம் சாய்வது எனக்கே தெரிந்தது. போய் நின்றால் தேர்வுப் போட்டியை நிறுத்த வேண்டும். கடையின் பெயர் கெடும். அந்தத் திடலில் என் நிறத்தில் நிற்கப்போகிறவர்கள் டொக்டரும் நானும்தான், எல்லோரும் பார்ப்பார்கள். முதலாளி தரையில் இருந்தபடியே ஆணியில் தொங்கிய வான் சாவியைக் கையால் காட்டினார். "நான் இங்கே தேடுகிறேன். நீ அங்கே தேடு" என்றார்.

திடல் எசெக்ஸ் பக்கம், நாற்பது நிமிடத் தூரம். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். போய்ச் சேர்ந்தபோது போட்டி தொடங்கிவிட்டது. சுடுகிறவர் நிற்பதற்கென்று மரச்சட்டத்தில் ஒரு கூண்டு இருக்கும். மூன்றாவது கூண்டில் டொக்டர். பக்கத்தில் ரெஃபரி, பின்னால் இருபது பேர். நான் தொண்ணூறு அடி தூரத்தில் புல்லில் ஓடி வந்துகொண்டிருக்கிறேன். அவர் தோட்டா போட்டுத் துவக்கை மூடித் தோளில் வைத்துவிட்டார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன். மூடிய துவக்கோடு நிற்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினால் அவர் திரும்புவார். துவக்கும் கூடத் திரும்பும். பின்னால் இருபது பேர். கத்தாமல் நின்றால், அந்தக் குழாயில் மஞ்சள் ஏற்கெனவே இருக்குமானால் கை போய்விடும். எது சரி? பிள்ளைகளே, எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. நின்றேன். ஒரு வெடி. பிறகு இன்னொரு வெடி. இரண்டுக்கும் நடுவில் நான் கும்பிடாத தெய்வமில்லை.

துவக்கைத் திறந்தார். வெற்றுக் கோதுகள் இரண்டும் பின்னால் தெறித்து விழுந்தன. அவருடைய கை பைக்குள் போனது. அப்போதுதான் கத்தினேன்.

"டொக்டர், மூடாதேங்கோ! துவக்கைத் திறந்தபடி வையுங்கோ!"

அந்தத் திடலில் விளங்கியது அவர் ஒருவருக்குத்தான். அப்படியே நின்றார். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெஃபரியிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவர் போட்டியை நிறுத்தினார். பையைக் கழற்றிப் புல்லில் கவிழ்த்தோம்.

சிவப்பு. எல்லாம் சிவப்பு. மூலையில் விரலை விட்டுத் தடவினேன், தையலைத் தடவினேன். மஞ்சள் இல்லை. ரெஃபரி குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். சுத்தம். டொக்டரின் காரில் கிடந்த தோட்டாப் பெட்டிகளையும் கொட்டிப் பார்த்தோம். அங்கும் இல்லை. ரெஃபரி என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார், பின்னால் போய் நிற்கும்படி. டொக்டர் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"போங்கக்கா" என்றார்.

அதுவரை ஒன்றுகூடத் தவறவிடாமல் சுட்டவர். அந்தக் கூண்டில் மிச்சமிருந்த தட்டில் மூன்று முழுசாகத் தரையில் விழுந்தன. பின்னால் நின்று மூன்றையும் பார்த்தேன். நான்காவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் வானுக்குத் திரும்பினேன்.

கடைக்கு வந்தபோது கவுண்டரில் தனியாக ஒரு மஞ்சள் டம்மி நின்றது. முதலாளி பின்னறையின் கண்ணாடி ஜன்னலைக் காட்டினார். மேலும் கீழும் தள்ளுகிற பழைய ஜன்னல், தூக்கினால் நிற்காமல் கீழே இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை நல்ல புழுக்கம். டொக்டருக்குக் காட்டப் பையை எடுக்கப் பின்னறைக்குப் போனபோது, கையில் கிடந்த எதையோ ஜன்னலுக்கு ஆப்பாகச் செருகியது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. செருகியது நான். மறந்ததும் நான். ஒரு சேர்ஜனின் கையைக் காப்பாற்ற நாற்பது நிமிடம் பறந்து போனேனே, அந்த நேரமெல்லாம் அது இந்த ஜன்னலைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

பின்னேரம் திடலிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் முடிவைச் சொன்னார். டொக்டர் அணியில் இல்லை. ஒரு தட்டுக் குறைவு.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். அவர் நம்புவார், எங்கேயோ விழுந்திருக்கும் என்று விஷயம் முடிந்துவிடும். ஜன்னல் கதையை யாரிடம் போய்ச் சொல்வது? அதையும் ஓர் இடத்தை இழந்தவரிடம்? விடிந்ததும் மஞ்சள் டம்மியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோபொலிட்டன் லைனில் ஹரோவுக்குப் போனேன். ரயில் முழுக்க, ஒரு தமிழ்க் குரலும் இல்லாத கவுண்டர்தான் இனி எனக்கு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கணவர் கதவைத் திறந்து கோப்பி போடப் போனார். டொக்டர் சமையலறை மேசையில் இருந்தார். நான் டம்மியை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலையும் சொன்னேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வராமல் விட்டிருந்தால் உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கும்" என்றேன்.

அவர் டம்மியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அக்கா, நாங்க வயித்தை மூடறதுக்கு முன்னாடி பஞ்சை எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சா மூட மாட்டோம். நான் எவ்வளவு பெரிய சர்ஜனா இருந்தாலும், நர்ஸ் 'ஒண்ணு குறையுது டாக்டர்'னு சொன்னா நிக்கணும். எக்ஸ்ரே எடுப்போம், தரையெல்லாம் தேடுவோம். அப்புறம் அது யாரோட செருப்புக்கடியிலயோ இருக்கும். எத்தனையோ தடவை இப்படி ஆயிருக்கு. நிறுத்தினதுக்காக ஒரு நர்ஸும் என்கிட்ட மன்னிப்பு கேட்டதில்லை. கேட்டா நான் திட்டுவேன்."

டம்மியை என் பக்கமாக உருட்டிவிட்டார்.

"சனிக்கிழமைக்கு மன்னிப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குக் கேளுங்க. எண்ணாம எனக்கு ஏன் பையைக் கொடுத்தீங்க?"

கேட்டேன். எண்ணாமல் விட்டதற்கு. "சரி" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கோப்பி வந்தது. ஒரு வாய் குடித்தவர் கோப்பையை வைத்துவிட்டு, "ஒரே ஒரு தட்டு, அக்கா" என்று சொல்லி அழுதுவிட்டார். நானும் சேர்ந்து அழுதேன். கணவர் பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது. இன்றைக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். எந்தப் பையையும் விற்குமுன் வாங்குகிறவரின் கண் முன்னால் கவுண்டரில் கவிழ்த்துத் தட்ட வேண்டும். கட்டையில் துளைகளை எண்ண வேண்டும். காலி இருந்தால், யார் எங்கே நின்று சுட்டுக்கொண்டிருந்தாலும் போய் நிறுத்த வேண்டும். பிறகு அது ஜன்னலில் கிடைத்தால் கிடைக்கட்டும். அதற்காக உங்களை யாராவது ஏசினால் என்னிடம் அனுப்புங்கள். எண்ணாமல் விட்டீர்களென்றால் நானே வருவேன், பேருந்து பிடித்து வந்து ஏசுவேன்.

அடுத்த வருடத் தேர்வு நாள், காலை ஒன்பது மணி. கடையில் போன் அடித்தது. எடுத்தேன். திடல் குடிலின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, பையைக் கவுத்துட்டேன். காலி. நீங்க கட்டையைப் பாத்தீங்களா?"

போனைக் காதில் வைத்தபடி எட்டிப் பார்த்தேன். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"பன்னிரண்டும் இருக்கு டொக்டர்."

"அப்ப நான் சுடப் போறேன்" என்று வைத்துவிட்டார்.